மறியற்சாலை வைத்தியத்தின் திறப்பு யார் கையில்?

(பொதுக்கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



சிறைச்சாலை வைத்திய நிருவாகத்துக்குத் தலைமை தாங்கும் ஒரு பெரிய உத்தியோகத்தரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள். பொருளைக் கேட்டவுடன், இது டாக்குத்தர்மாருக்கும் அப்புக்காத்துமாருக்கும் உரிய விடயமாயிற்றே, நெல்லும் வெங்காயமும் விளைவிக்கும் எங்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். மறியலுக்குப் போகிறவர்கள் எந்த வீடுகளிலிருந்து போகிறார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். வேலித் தகராறிற் கைகலந்தவன், பிணைக்கு ஆள் கிடைக்காதவன், தண்டப்பணம் கட்ட வழியற்றவன் ஆகியோரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நீரிழிவு வரும், நெஞ்சுவலி வரும். வெளியே இருப்பவன் ஒரு வைத்தியர் சரியில்லையென்றால் அடுத்த ஊர் வைத்தியரிடம் போவான். உள்ளே இருப்பவனுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அடைத்தது அரசாங்கம். ஆகவே அவனுடைய நோய்க்குப் பொறுப்பும் அரசாங்கத்தினுடையதே.

இது தருமத்தின் வார்த்தை மட்டுமன்று, சட்டத்தின் வார்த்தையுமாகும். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம், சிறை வேலையாகப் பாரவண்டியிலிருந்து பஞ்சுப்பொதி இறக்கிக்கொண்டிருந்த ஒரு கைதியின் மீது 600 இறாத்தல் பொதியொன்று விழுந்தது. முதுகு நொந்த அந்த மனிதர் தம் கைப்பட எழுதிய மனுவே பின்னர் அந்நாட்டு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1976ஆம் ஆண்டு நீதியரசர் தேர்குட் மார்சல் எழுதிய தீர்ப்பில், கைதியின் பாரதூரமான நோயை வேண்டுமென்றே அலட்சியம் செய்வது கொடூரமான தண்டனையைத் தடைசெய்யும் எட்டாவது அரசியல் திருத்தத்துக்கு முரணானது என்று விதிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், வழக்குத் தொடுத்தவர் தோற்றுப்போனார். வைத்தியப் பகுதியினர் அவரை 17 முறை பார்த்திருந்தார்கள்; அதனை அலட்சியம் என்று கூறமுடியாது என்றது நீதிமன்றம். ஆனால் அவர் பெற்றுக்கொடுத்த நியாயம் பின்வந்த இலட்சக்கணக்கானோருக்குப் பயன்பட்டது.

அதன் பயனை முழுமையாகக் காணவேண்டுமாயின் நாம் கலிபோர்ணியாவுக்குப் போகவேண்டும். 2001ஆம் ஆண்டு அம்மாநிலத்துக் கைதிகள் ஒன்றுசேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 2002ஆம் ஆண்டு அரசாங்கம் இணங்கி வந்தது; எல்லாவற்றையும் திருத்துகிறோம் என்று கைச்சாத்திட்டது. மூன்று ஆண்டுகள் கழிந்தன. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள மத்திய மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதி தெல்டன் ஹென்டர்சன் சான் குவென்டின் சிறைக்குத் தாமே நேரிற் சென்று பார்த்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 பேர் பரிசோதிக்கப்படும் அறையில் கைகழுவத் தொட்டியில்லை. பல் வைத்தியர் ஒருவர் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுக் கையுறையை மாற்றாமலே அடுத்தவரின் வாயைத் திறந்தார். 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தீர்மானத்தில் அந்நீதிபதி எழுதிவைத்த கணக்கு இது: சராசரியாக ஆறு அல்லது ஏழு நாட்களுக்கு ஒரு கைதி, காப்பாற்றப்பட்டிருக்கக்கூடிய ஓர் உயிர், வைத்தியக் குறைபாட்டினால் மடிகிறது. அந்த மரணங்களில் ஒன்றிரண்டைச் சொல்லுவோம். ஓயாத நெஞ்சுவலியோடு கிடந்த ஒருவரை வைத்தியர் பார்க்க எட்டு மணித்தியாலம் சென்றது, அவர் இறந்தார். வயிற்றுவலியால் துடித்த இன்னொருவரை நிபுணரிடம் அனுப்ப ஐந்து வாரம் சென்றது, அவரும் இறந்தார். இவர்களில் எவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டிருக்கவில்லை.

உலகின் செல்வம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்றில் இது எப்படி நடந்தது? பணமில்லாமையே காரணமென்று நாம் இலகுவிற் சொல்லிவிட முடியாது. பணம் செலவாகிக்கொண்டுதான் இருந்தது. ஆள் இல்லை. வைத்தியர் பதவிகளில் 25 வீதம், சத்திர வைத்தியர் பதவிகளில் 20 வீதம், மனநோய் வைத்தியர் பதவிகளில் 54 வீதம் வெற்றிடமாகக் கிடந்தன என்று அந்நாட்டு உயர் நீதிமன்றமே பின்னர் பதிவுசெய்தது. கிடைத்தவர்களோ எத்தகையோர்? வைத்திய அனுமதிப்பத்திரமும், ஓடுகின்ற நாடியும், காலில் ஒரு சோடி சப்பாத்தும் இருந்தாற் போதும், வேலை நிச்சயம் என்று ஒருவர் சாட்சியம் அளித்தார். நல்ல வைத்தியர் ஏன் வரவில்லையென்றால், சம்பளம் வெளியிலுள்ளதைவிடக் குறைவு. பரிசோதிக்க ஒழுங்கான அறையில்லை. எழுதிக்கொடுத்த மருந்து போய்ச் சேருமா என்பது நிச்சயமில்லை. நோயாளியை நிபுணரிடம் அனுப்ப வேண்டுமென்று வைத்தியர் எழுதினால், கூட்டிச்செல்லக் காவலாளி இல்லையென்று பதில் வரும். வெளியிலுள்ள வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கவேண்டிய பணத்தைத் திணைக்களம் காலத்துக்குக் கொடாததால், அவை நோயாளிகளை ஏற்க மறுத்தன. இப்படி ஒவ்வொரு கதவும் இன்னொருவரின் திறப்பினாலேயே திறக்கப்படவேண்டியிருந்தது. வைத்தியப் பகுதிக்குத் தலைவர் இருந்தார்; அவருடைய கையில் ஒரு திறப்பும் இருக்கவில்லை.

இந்த இடத்திலேதான் நீதிபதி ஒரு பழைய சட்ட ஆயுதத்தை எடுத்தார். எங்கள் ஊரில் தென்னங்காணியைப் பற்றிச் சகோதரர்கள் வழக்காடும்போது, வழக்கு முடியும்வரை தேங்காய் காத்திருக்காது என்பதனால், காணியைப் பராமரித்துத் தேங்காய் பறித்து வருமானத்துக்குக் கணக்குக் காட்ட நீதிமன்றம் ஒருவரை நியமிப்பதுண்டல்லவா? ஆங்கில வழிச் சட்டங்களில் அவருக்குப் பெறுநர் என்று பெயர். கடன்பட்ட கம்பனிக்கும் காணிக்கும் நியமிக்கப்படும் அந்தப் பெறுநரை, ஒரு மாநிலத்தின் 33 சிறைகளுடைய வைத்திய நிருவாகத்துக்கு ஹென்டர்சன் நியமித்தார். சிறைச்சாலைச் செயலாளருக்கு வைத்தியத் துறையிலிருந்த அதிகாரம் முழுவதும் அவரிடமிருந்து எடுக்கப்பட்டுப் பெறுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆள் எடுத்தல், நீக்குதல், சம்பளம் நிருணயித்தல், ஒப்பந்தம் செய்தல், கட்டடம் கட்டுதல் யாவும் அவர் பொறுப்பு. குறுக்கே மாநிலச் சட்டம் நின்றால், அதனை ஒதுக்கிவைக்குமாறு நீதிமன்றத்திடம் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

யாரை நியமிப்பது? நாடு முழுவதும் தேடிய பின் 2006ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆந் திகதி றொபேட் சிலன் நியமிக்கப்பட்டார். ஏப்பிரல் 17இல் கடமையேற்றார். அவர் சிறை உத்தியோகத்தர் அல்லர். சான்டா கிளாரா பிரதேசத்தின் அரசாங்க வைத்தியசாலைகளை நெடுங்காலம் நடத்தியவர். ஏழைகளுக்கு வைத்தியம் செய்யும் பொது வைத்தியசாலையின் வரவு செலவும் தாதியர் பற்றாக்குறையும் அறிந்தவர். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 5 இலட்சம் டொலர். ஆளுநரின் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! களவெடுத்தவனுக்கு வைத்தியம் பார்க்க இவ்வளவு சம்பளமா என்று அங்கே பலர் கூச்சலிட்டனர். இங்கேயும் கேட்பார்கள். நாம் அதற்குச் சொல்லும் விடை இது. அந்தச் சம்பளம் கைதிக்குக் கொடுத்ததன்று. மூன்று ஆண்டுகள் அரசாங்கம் தன் வாக்கைக் காப்பாற்றாததற்குக் கொடுத்த வட்டி. காலத்தில் வரம்பு கட்டாதவன் வெள்ளத்துக்குப் பின் இரட்டிப்புச் செலவு செய்கிறான். ஆயினும் பெரிய சம்பளம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதும் பேதைமை.

சிலன் வந்தவுடன் செய்த நற்காரியங்களில் முதன்மையானது, வைத்தியருக்கும் தாதியருக்கும் சம்பளத்தை உயர்த்தியது. அதற்கு மாநிலச் சட்டத்தை ஒதுக்கும் கட்டளையை அதே ஆண்டில் நீதிமன்றத்திடம் பெற்றார். ஆள் வரத் தொடங்கியது. ஆனால் அவர் எல்லோருடனும் பொருதினார். அரசாங்கத்துடன் பொருதியது அவசியமாயிருந்திருக்கலாம். கைதிகளின் வழக்கறிஞர்களுடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 2008ஆம் ஆண்டு சனவரியில் நீதிபதியே அவரை மாற்றினார். இடித்துத் திறக்கவேண்டிய காலம் முடிந்தது, இனிச் சேர்ந்து கட்டும் காலம், அதற்கு வேறு விதமான தலைமை வேண்டும் என்பது கட்டளையின் சாரம். அடுத்து வந்தவர் கிளார்க் கெல்சோ. அவர் சட்டப் பேராசிரியர், மாநில அரசாங்கத்தின் தகவற்றுறையை நடத்தியவர், வைத்தியர் அல்லர்.

எங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவர் என்பதற்காக நாம் அவரைப் புகழவில்லை. சாந்தமாகப் பேசுவார் என்று நியமிக்கப்பட்ட அவரே அதே 2008ஆம் ஆண்டு, வைத்தியக் கட்டடங்களுக்கு 800 கோடி டொலர் வேண்டுமென்றும், பணம் தராத ஆளுநரை நீதிமன்ற அவமதிப்புக்கு உள்ளாக்க வேண்டுமென்றும் விண்ணப்பித்தார். ஆளுநர் அர்னோல்ட் சுவார்ஸ்னெகரின் அரசாங்கமோ பெறுநர் பதவியையே ஒழிக்கும்படி கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. கேட்ட தொகை பின்னர் வெகுவாகச் சுருங்கிற்று. சுபாவம் எப்படியிருந்தாலும் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அரசாங்கத்துடன் முட்டியே தீரவேண்டும். முட்டாதிருப்பவர் அந்த வேலையைச் செய்யவில்லை என்றே நாம் கொள்ளுவோம். முட்டியபின் மறுநாள் அதே மேசையில் அமர்ந்து பேசத் தெரிவதே அரிய திறமை. அது கெல்சோவுக்கு வாய்த்திருந்தது.

அவர் காலத்தில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தை இங்குள்ள நிருவாக உத்தியோகத்தர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு சிறையிலும் வைத்தியப் பகுதிக்கெனத் தனியாக ஒரு பிரதம நிறைவேற்று அதிகாரி நியமிக்கப்பட்டார். அவர் சிறை அத்தியட்சகரின் கீழ் வேலைபார்ப்பவர் அல்லர். வைத்திய நிருவாகத்தின் தலைமையகத்துக்கே பதில் சொல்லுபவர். மருந்துக்கூடம், தாதியர், ஆய்வுகூடம், நோயாளர் பதிவேடு எல்லாம் அவர் பொறுப்பு. அத்தியட்சகரும் அவரும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் நடக்கவேண்டும். ஆனால் ஒருவர் மற்றவரை அதட்ட முடியாது. மேலே ஒரு பெரிய மனிதரை 5 இலட்சம் சம்பளத்தில் இருத்திவிட்டு, கீழே பழைய ஆட்களிடமே திறப்பை விட்டுவைத்தால் நோயாளிக்கு என்ன வந்துவிடும்?

இதற்கிடையில், நிருவாகத்தினால் மட்டும் தீராத ஒரு நோயும் அங்கே இருந்தது. ஏறத்தாழ 80,000 பேருக்கெனக் கட்டிய சிறைகளில் அதைப் போல் இரு மடங்கினர் அடைபட்டிருந்தனர். ஒரே மலசலகூடத்தை 54 பேர் பயன்படுத்தவேண்டியிருந்த இடமும் உண்டு. எவ்வளவு கெட்டிக்காரரை நியமித்தாலும், கூட்டம் குறையாமல் வைத்தியம் நடவாது என்று 2009இல் மூன்று நீதிபதிகள் தீர்மானித்தனர். 2011ஆம் ஆண்டு மே 23ஆந் திகதி உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் அதனை உறுதிப்படுத்தியது. நீதியரசர் அந்தனி கெனடி பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். நீதியரசர் அன்டனின் ஸ்கலியா கடுமையாக மறுத்தெழுதினார்: நீதிபதிகள் சிறை நடத்துவதற்கென நியமிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். வாக்காளரால் தெரியப்படாத ஒருவர் பொதுப்பணத்தைச் செலவிடுவது குடியாட்சிக்கு உகந்ததா? உகந்ததன்று. ஆனால் கைதியின் பக்கம் நின்று வாக்குக் கேட்டு வென்ற வேட்பாளரை நாம் இன்னும் காணவில்லை. எவருடைய வாக்கும் காப்பாற்றாத மனிதனைச் சட்டமே காப்பாற்றவேண்டும்.

இவ்வளவும் செய்தபின் எல்லாம் நலமாக முடிந்ததா? 2015ஆம் ஆண்டு சூலையில் போல்சம் சிறையின் வைத்தியம் முதன்முதலாக மாநிலத்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பின்னர் ஒவ்வொன்றாகப் பல. ஆனால் 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில், நோய் பரவியிருந்த சீனோ சிறையிலிருந்து 122 பேரைச் சான் குவென்டினுக்கு வாகனங்களில் ஏற்றி அனுப்பினார்கள். பலருக்குச் செய்த பரிசோதனை வாரக்கணக்காகப் பழையது. சான் குவென்டினில் 28 கைதிகளும் ஓர் உத்தியோகத்தரும் மாண்டனர். ஏற்றியனுப்பும்படி அவசரப்படுத்தியவர்களில் வைத்திய நிருவாகத்தின் மேலாளர்களே இருந்தார்கள் என்றும், கீழிருந்து எழுந்த எச்சரிக்கை கேட்கப்படவில்லையென்றும் மாநிலத்தின் பரிசோதகர் நாயகம் 2021இல் அறிக்கையிட்டார். திறப்பைச் சிறை அதிகாரியிடமிருந்து வாங்கி வைத்திய நிருவாகியிடம் கொடுத்தாலும், அவரையும் மேற்பார்வை செய்ய வெளியில் ஒரு கண் வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்தக் கண் அங்கே இருந்தபடியாற்றான் இந்த விபரம் எங்கள் காதுவரை வந்தது.

ஆள் சேர்க்கும் போராட்டமும் முடியவில்லை. சிறைகளின் மனநோய் வைத்தியம் பற்றி 1990இல் தொடங்கிய வேறொரு வழக்கில், வெற்றிடங்களை நிரப்பாத குற்றத்துக்காக 2024ஆம் ஆண்டு சூன் மாதம் நீதிபதி கிம்பர்லி மியூலர் மாநிலத்துக்கு 11 கோடி 20 இலட்சம் டொலர் தண்டம் விதித்தார். நிரப்பாத பதவிகளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்க விடாமல் அதனையே தண்டமாகக் கணக்கிட்டார்கள். மேன்முறையீட்டில் 2025இல் அவமதிப்புத் தீர்ப்பு நிலைத்தது. தொகையை மட்டும் மீளாராயும்படி கூறப்பட்டது. காலியான நாற்காலிக்குத் தண்டம்! எங்கள் திணைக்களங்களுக்கு இப்படியொரு கணக்கு வந்தால் திறைசேரி என்ன பாடுபடும் என்று எண்ணிச் சிரிக்கவும் தோன்றுகிறது.

நீதிமன்றத்துக்குப் போகாமலே இதனைச் செய்த நாடுகளும் உள. நோர்வே 1988இலும் பிரான்சு 1994இலும் சிறை வைத்தியத்தைப் பொதுச் சுகாதாரத்துறையிடம் ஒப்படைத்தன. இங்கிலாந்தில் நோயாளியா கைதியா என்ற கேள்வியைச் சிறைப் பரிசோதகர் 1996இல் எழுப்பினார். பத்தாண்டுகளில், 2006இல், அந்தப் பொறுப்பு தேசிய சுகாதார சேவையிடம் சேர்ந்தது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஏற்று, நெல்சன் மண்டேலாவின் பெயரைச் சூட்டிய விதிகளும் அதையே சொல்கின்றன: கைதிக்கு வெளியிலுள்ளோருக்குக் கிடைக்கும் தரத்தில் வைத்தியம் வேண்டும், வைத்தியர் எடுத்த முடிவைச் சிறை உத்தியோகத்தர் தள்ளிவைக்கவோ மாற்றவோ கூடாது.

இலங்கையில் அந்தப் பாதி நடந்திருக்கிறது. சிறைகளில் வேலைசெய்யும் வைத்தியர்கள் சுகாதார அமைச்சைச் சேர்ந்தவர்கள். ஆனால் வாகனமும் காவலாளியும் கதவும் 1877ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் வழிவந்த சிறைச்சாலைத் திணைக்களத்தினுடையவை. வைத்தியர் ஆசுபத்திரிக்கு அனுப்பு என்று எழுதுவார். அழைத்துச்செல்ல ஆளில்லாமல் அந்தத் துண்டு கிடக்கும். இந்தக் குறையை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 2020ஆம் ஆண்டுச் சிறை ஆய்வே எடுத்துக் காட்டியிருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி மகர சிறையில், கொரோனா அச்சத்தினால் கொதித்தெழுந்த கைதிகளில் 11 பேர் உயிரிழந்தனர். நூறு பேருக்கு மேல் காயமடைந்தனர். அன்று அங்கே, பரிசோதனை எப்போது, யாரை எங்கே பிரித்து வைப்பது என்று இரு திணைக்களங்களுக்கும் சேர்த்துக் கட்டளையிடத்தக்க ஒரு வைத்திய நிருவாகி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறோம்.

அப்படியொரு பதவியை உண்டாக்குங்கள் என்று கேட்பதற்காகவே இந்தக் கூட்டம் கூடியிருக்கிறது. கேட்கும்போது ஆளின் பட்டங்களைப் பற்றி முதலிற் பேசவேண்டாம். பதவியின் அதிகாரத்தை முதலிற் பேசுங்கள். வாகனத்தை அவர் அழைக்க முடியுமா? வெற்றிடத்தை அவர் நிரப்ப முடியுமா? மரணம் ஒன்று நிகழ்ந்தால் நோயாளர் பதிவேட்டை யார் கையிலும் கொடாமல் முதலில் அவர் கைப்பற்ற முடியுமா? அமைச்சர் மாறினால் அவரும் மாற்றப்படுவாரா? இவற்றுக்கு விடை எழுத்தில் இருந்தால், நல்ல ஆள் தானே தேடிக்கொண்டு வருவார். இல்லாவிட்டால் வருகிறவர் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டு ஓய்வூதியத்துக்குக் காத்திருப்பார். ஆளைத் தேடும்போதோ, பெரிய வைத்தியசாலையொன்றை நடத்தி, தாதியரின் வேலை அட்டவணையையும் மருந்து இருப்பையும் தம் கண்ணாற் பார்த்துப் பழகியவரைத் தேடவேண்டும். சிறந்த சத்திர வைத்தியர் என்பதற்காக ஒருவரை அந்த நாற்காலியில் இருத்தினால் நாடு ஒரு வைத்தியரை இழக்கும், நிருவாகியும் கிடைக்கமாட்டார்.

அந்தப் பதவி வரும்வரை நோய் காத்திருக்காது. ஆகையால் விளக்கமறியலிற் பிள்ளையை விட்டுவிட்டு வந்து இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை அவரை நீதவான் முன் கொண்டுவருவார்கள். அந்த நாளில், இன்ன நோய், இன்ன மருந்து, இத்தனை நாளாகக் கிடைக்கவில்லை என்பதைத் திறந்த மன்றில் சொல்லும்படி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வைத்திய அறிக்கை கோரும்படியும் அதனை வழக்கேட்டிற் பதியும்படியும் கேட்கச் சொல்லுங்கள். கிளினிக் புத்தகம் இருந்தால் மறவாமல் எடுத்துக்கொண்டு போங்கள். கலிபோர்ணியாவில் நீதிபதியின் முன் வைக்கப்பட்டவையும் இறந்தவர்களின் நோயாளர் பதிவேடுகளே. சட்டத்தரணி வைத்துக்கொள்ள வசதியற்றவர்கள் கூட்டம் முடிந்தபின் மேடைக்கு இடப்புறமுள்ள மேசைக்கு வாருங்கள். எங்கள் நண்பர்கள் நால்வர் அங்கே தாளும் பேனாவுமாக இருப்பார்கள்.